வோல்ட் வருகிறதா என்பது பாதிக் கேள்விதான்: ஆஸிலோஸ்கோப் பவர் சப்ளை, ஓர் எளிய விளக்கம்

"பவர் சப்ளை போயிடுச்சு சார்."

மேசைமேல் ஓர் ஆஸிலோஸ்கோப் (மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) விளக்கே எரியாமல் கிடந்தால் முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். சொல்பவர் அநேகமாக ஒன்றுதான் செய்திருப்பார்: மூடியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்திருப்பார், வோல்ட் வந்திருக்காது. வந்திருந்தால், "சப்ளை நல்லாத்தான் இருக்கு, மெயின் போர்டுல கோளாறு" என்று அதே உறுதியோடு நேர்மாறாகச் சொல்லியிருப்பார்.

இரண்டு தீர்ப்புமே பாதிதான் சரி. வோல்ட் வரவில்லை என்றால் குற்றவாளி சப்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சப்ளையிடமிருந்து மின்சாரம் வாங்கும் ஏதோ ஒரு சின்னப் பொருள் அதை அமுக்கிப் பிடித்திருக்கலாம். வோல்ட் சரியாக வருகிறது என்பதாலேயே சப்ளை நல்லது என்றும் ஆகாது. மீட்டர் காட்டுவது சராசரியைத்தான். அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் மேடு பள்ளம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப் ரிப்பேரில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு குழப்பத்தில்தான் போகிறது. அதனால் எந்தப் பொருளை மாற்றுவது என்பதற்குப் போகும் முன், சப்ளை என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வருவோம்.

## திறப்பதற்கு முன்

பழைய கண்ணாடிக் குழாய் ஸ்கோப்புக்குள் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் அந்த மின்னேற்றத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். புதிய டிஜிட்டல் ஸ்கோப்பில் அவ்வளவு இல்லை. ஆனால் அதன் சப்ளைக்குள் 325 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம், நிற்கும். சுவரிலிருந்து திசை மாறி மாறி வரும் 230 வோல்ட் ஏசியை நேரடியாக டிசி ஆக்கினால் அதன் உச்ச அளவு அதுதான். அந்த 325 வோல்ட்டில் நிரம்பிய 100 மைக்ரோஃபாரட் கேபாசிட்டரில் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பொருள்; மைக்ரோஃபாரட் அதன் கொள்ளளவு) 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. கை பட்டால் சும்மா விடாது. பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கம்பிகளோடு அதன் குறுக்கே ஐந்தாறு விநாடி வையுங்கள். பிறகு மீட்டரில் பார்த்து, வோல்ட் இறங்கிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது வீரமாகத் தெரியும். கேபாசிட்டருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

இதைப் படித்து வயிற்றைக் கலக்கினால், கட்டுரையைப் படியுங்கள், ஸ்கோப்பைத் திறக்க வேண்டாம். புரிந்துகொள்வதற்குத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

## தெருக்குழாயும் மேல்நிலைத் தொட்டியும்

தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆனால் வீட்டுக் குழாயைத் திறந்தால் எந்நேரமும் சீராக வரவேண்டும். நாம் என்ன செய்கிறோம்? தொட்டி கட்டுகிறோம். வரும்போது நிரப்பிக்கொள்கிறோம், வராதபோது அதிலிருந்து எடுக்கிறோம். பவர் சப்ளை செய்வதும் இதே வேலைதான். என்ன, இங்கே தண்ணீர் விநாடிக்கு நூறு முறை வந்து நூறு முறை நிற்கிறது.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் ஆடுகிறது. பழைய வகை சப்ளையில் முதலில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர். 230 வோல்ட்டை 18, 40 என்று வேண்டிய அளவுக்குக் குறைத்தோ கூட்டியோ தரும். அடுத்து டயோடு. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயோடுகளை வளையமாகக் கட்டினால், மின்சாரம் எந்தப் பக்கம் ஆடினாலும் ஒரே திசையில்தான் வெளியே வரும். இந்த அமைப்புக்குப் பிரிட்ஜ் என்று பெயர். இப்போது திசை ஒன்றாகிவிட்டது, ஆனால் ஓட்டம் சீராகவில்லை. சுற்றுக்கு இரண்டாக, விநாடிக்கு 100 மேடுகள். நடுநடுவே பூஜ்யம்.

அந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் மேலே சொன்ன கேபாசிட்டர். நம் தொட்டி. மேடு வரும்போது நிரம்புகிறது, பள்ளத்தில் கொடுக்கிறது. இருந்தாலும் தொட்டியின் நீர்மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கத்தானே செய்யும்? அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ரிப்பிள்.

கடைசியாக ரெகுலேட்டர். தொட்டிக்குக் கீழே வால்வைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மட்டம் ஏறினால் வால்வைக் கொஞ்சம் மூடுகிறார், இறங்கினால் திறக்கிறார், வெளியே போகும் அழுத்தம் மாறுவதில்லை. ஆனால் தொட்டியின் மட்டம் குழாய் வாய்க்கே இறங்கிவிட்டால் வால்வை முழுக்கத் திறந்து வைத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பலமுறை வேலைக்கு வரும்.

இதுவரை: டிரான்ஸ்ஃபார்மர் அளவை மாற்றுகிறது, டயோடு திசையை ஒன்றாக்குகிறது, கேபாசிட்டர் பள்ளத்தை நிரப்புகிறது, ரெகுலேட்டர் மிச்சமிருக்கும் ரிப்பிளைத் தட்டிச் சமன் செய்கிறது. கேபாசிட்டர் தன் வேலையைச் செய்யும்வரைதான் ரெகுலேட்டரால் தன் வேலையைச் செய்ய முடியும்.

## மீட்டர் எப்படி ஏமாறுகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கணக்கில்லை, பயப்பட வேண்டாம்.

ஒரு 15 வோல்ட் லைன். (சப்ளையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வோல்டேஜையும் கடைகளில் லைன் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) அதிலிருந்து 1 ஆம்பியர் போகிறது. தொட்டி 4700 மைக்ரோஃபாரட். இரண்டு மேடுகளுக்கு நடுவே 10 மில்லிவிநாடி. இவ்வளவு நேரத்தில் அந்தக் கேபாசிட்டர் சுமார் 2 வோல்ட் இறங்கும். உச்சியில் 22 வோல்ட் இருந்தால் அடியில் 20. சாதாரண 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே 17 வோல்ட்டாவது வேண்டும். 20 இருக்கிறது, பிரச்சினை இல்லை.

வருஷங்கள் ஓடுகின்றன. இந்த வகைக் கேபாசிட்டருக்குள் ஈரமான ஒரு கரைசல் இருக்கிறது, எலக்ட்ரோலைட் என்று பெயர். அதனால்தான் இதற்கு எலக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டர் என்ற பெயர். சூட்டில் அது மெல்ல மெல்ல வறண்டுபோகிறது. 4700 இப்போது 1500 ஆகிவிட்டது என்று வைப்போம். இறக்கம் 2 வோல்ட் அல்ல, 6.7. அடிமட்டம் 15.3. ரெகுலேட்டர் கேட்கும் 17 அங்கே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டரை மில்லிவிநாடிக்கு வால்வை முழுக்கத் திறந்து வைத்தும் வெளியே போவது 13.3 வரை சரிகிறது. அதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, மறுபடி 15.

இப்போது மல்டிமீட்டரை வையுங்கள். 14.8 காட்டும்! "பதினஞ்சுக்குப் பதினாலு புள்ளி எட்டு, பரவாயில்லையே" என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். விநாடிக்கு நூறு முறை ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் பள்ளம் விழும் ஒரு லைனுக்கு நற்சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.

இதைப் பிடிக்க வேறு நல்ல ஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மீட்டரை ஏசி பக்கம் திருப்பி அதே லைனில் வையுங்கள். சில மலிவான மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் டிசியையும் சேர்த்துக்கொண்டு ஏதோ பெரிய எண்ணைக் காட்டும். அப்படிச் செய்தால் புரோப்புக்கு (அளக்கத் தொடும் முனைக் கம்பி) வரிசையில் 0.1 மைக்ரோஃபாரட் கேபாசிட்டர் ஒன்றைப் போட்டு அளக்கலாம். டிசி அதில் நின்றுவிடும், ஆடும் பகுதி மட்டும் மீட்டருக்குப் போகும். நல்ல சப்ளையில் ரெகுலேட்டருக்குப் பிறகு சில மில்லிவோல்ட்தான் வரவேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் தொட்டியைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சங்கதி. கேபாசிட்டரைக் கழற்றி அளந்தால் மைக்ரோஃபாரட் சரியாக இருக்கும், ஆனாலும் அது கெட்டிருக்கும். காரணம் ஈஎஸ்ஆர்: கேபாசிட்டருக்குள்ளேயே வரிசையில் ஒரு ரெசிஸ்டர் இருப்பதுபோலத் தோன்றும் தடை. தொட்டி பெரிதாகவே இருக்கிறது, அதன் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரோலைட் வறள வறள இது ஏறும். இதற்கென்றே ஈஎஸ்ஆர் மீட்டர் கிடைக்கிறது. கேபாசிட்டரைக் கழற்றாமலேயே பெரும்பாலும் அளந்துவிடலாம். ரிப்பேர் தொடர்ந்து செய்கிறவருக்கு இரண்டாவதாக வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

## நோயாளியே டாக்டர்

மற்ற சாதனங்களுக்கு இல்லாத ஒரு வசதி ஸ்கோப்புக்கு உண்டு. கொஞ்சம் உயிர் இருந்தாலும் தன் நோயைத் தன் திரையிலேயே எழுதிக் காட்டும்.

புரோப்பையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளீட்டைக் கிரவுண்டில், அதாவது பூஜ்ய வோல்ட்டில், வைத்து, திரையில் கோடு மட்டும் தெரியும்படி செய்யுங்கள். கோடு நேராக இல்லாமல் பாம்புபோல் நெளிகிறதா? டிரிகர் மூலத்தை லைன் என்ற நிலைக்குத் திருப்புங்கள். (டிரிகர் என்பது கோடு எப்போது இடது ஓரத்திலிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் சமிக்ஞை; லைன் நிலையில் அது சுவர் மின்சாரத்தோடு தாளம் சேர்ந்துகொள்கிறது.) நெளிவு உடனே அசையாமல் நின்றுவிட்டால் அது சுவரிலிருந்து வருவது. ஒரு நெளிவின் அகலத்தை அளந்து பாருங்கள். 10 மில்லிவிநாடி என்றால் 100 ஹெர்ட்ஸ். பிரிட்ஜுக்குப் பிறகு இருக்கும் தொட்டிதான் வறண்டிருக்கிறது. 20 மில்லிவிநாடி என்றால் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜில் ஒரு டயோடு செத்துப்போய், பாதி மேடுகள் வராமலே இருக்கலாம். அல்லது எர்த் எங்காவது விட்டுப்போயிருக்கலாம். டிரிகர் லைனில் இருந்தும் நெளிவு ஓடிக்கொண்டே இருந்தால் அது சுவரோடு தொடர்பில்லாத வேறு இரைச்சல்.

படம் மேலும் கீழும் ஆடினால், கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் லைனைப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டும்போது படம் மொத்தமாக உப்பிப் பெரிதானால், படக்குழாயின் உயர் வோல்டேஜ் தளர்கிறது என்று பொருள். அந்தப் பகுதி தனி வித்தை, தனி ஆபத்து. இங்கே அதற்குள் போகவில்லை.

மீட்டரின் டிசி எண் மட்டும் போதாது, ஏசியும் பார்க்க வேண்டும். திரையில் கோடு இருந்தால் மீட்டருக்கு முன்பே அதைக் கேட்கலாம். வோல்ட் வந்தால் சப்ளை நல்லது என்ற குழப்பம் இத்துடன் தீர்ந்தது.

## எல்லா அளவுக்கும் ஒரே படி

ஸ்கோப்புக்குள் ஒரு லைன் மட்டும் இருப்பதில்லை, ஒரு குடும்பமே இருக்கிறது. உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து டெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் 465. 1970களில் வந்த 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் ஸ்கோப். அந்தக் காலத்து லேப்களில் பேர்போனது. அதில் 110, 55, 15, 5, மைனஸ் 8 என்று ஐந்து லைன்கள். இவற்றில் 55 வோல்ட்தான் மூத்த பிள்ளை. மற்ற லைன்கள் தங்கள் அளவு சரியா என்று அதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்கின்றன. இப்படி மற்றவற்றுக்கு அளவுகோலாக நிற்கும் லைனை ரெஃபரன்ஸ் என்பார்கள்.

மளிகைக் கடையில் ஒரே ஒரு படி இருந்து, அந்தப் படியே நசுங்கியிருந்தால் அரிசியும் குறையும், பருப்பும் குறையும், உளுந்தும் குறையும். மூன்று மூட்டையையும் சந்தேகப்படுவது வீண் வேலை. எல்லா லைனும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருந்தால் ரெஃபரன்ஸை அளந்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அது சரியாக இருந்து ஒரு லைன் மட்டும் தப்பினால் கோளாறு அந்தக் கிளையில் இருக்கிறது.

எது ரெஃபரன்ஸ், எவ்வளவு வோல்ட், எவ்வளவு ரிப்பிள் தாங்கும் என்பதெல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்தக் காலத்து மேனுவல்கள் முழு சர்க்யூட் படத்தோடு, எந்தப் புள்ளியில் எவ்வளவு வோல்ட் வரவேண்டும் என்பதுவரை எழுதி வந்தவை. அதைத் தேடிப் பிடித்துப் படிக்கச் செலவாகும் அரை மணி நேரம் அரை நாள் சால்டரிங்கை மிச்சம் பிடிக்கும். இன்றைய டிஜிட்டல் ஸ்கோப்களில் பலவற்றுக்கு அப்படி ஒன்று கைக்கு எட்டுவதே இல்லை. ஐசி எண்களைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

## குண்டு பல்பு என்னும் காவல்காரன்

ஃபியூஸ் போன ஸ்கோப் ஒன்று வருகிறது. புது ஃபியூஸ் போட்டு ஆன் செய்தால் அதுவும் போகிறது. அடுத்து பலர் செய்வது, கொஞ்சம் பெரிய ஃபியூஸாகப் போட்டுப் பார்ப்பது. அதன்பின் ஃபியூஸ் தப்பிக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் எரிகிறது.

போன ஃபியூஸைத் தூக்கிப் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகித் தொங்கிக்கொண்டு, கண்ணாடி தெளிவாக இருந்தால் மெதுவாக, கொஞ்சம் அதிகமான கரண்ட் போயிருக்கிறது. கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளிப் பூச்சு பூசினாற்போலவோ இருந்தால் கம்பி வெடித்து ஆவியாகியிருக்கிறது; உள்ளே எங்கோ நேரடி ஷார்ட், டயோடோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ போயிருக்கும். அமெரிக்காவிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த ஸ்கோப் என்றால் பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 115இல் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படியே 230இல் செருகியதுதான் கதை முழுவதுமாக இருக்கலாம்.

அதன்பின் சீரிஸ் பல்பு. நம் ஊர் மெக்கானிக் கடைகளில் ஒரு ஹோல்டரும் ஒரு பிளக் பாயிண்டும் ஒரே பலகையில் திருகப்பட்டுத் தொங்கும். பலருக்கு அது என்ன செய்கிறது என்று தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். ஸ்கோப்புக்குப் போகும் கரண்ட் முழுக்கப் பல்பு வழியாகத்தான் போகவேண்டும். 100 வாட் குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை நாற்பது ஓம் பக்கம்தான். முழுப் பிரகாசத்தில் எரியும்போது 500 ஓமைத் தாண்டிவிடும். உள்ளே கோளாறு இல்லை என்றால் பல்பு ஒரு கணம் மின்னி (தொட்டி நிரம்புகிறது) மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் முழுசாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அரை ஆம்பியருக்கு மேல் போக விடாது. ஃபியூஸ் போகாது, புதிதாக மாற்றிய டிரான்சிஸ்டரும் போகாது. பழைய ஸ்கோப்களே 50 முதல் 100 வாட் வரை தின்னும் என்பதால் ஓரளவு மங்கலான வெளிச்சம் இயல்புதான். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும். அது இப்போது கிடைப்பதே அரிதாகி வருகிறது. நான்கைந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

## அமுக்குவது யார்?

இப்போது மற்றொரு குழப்பத்துக்கு வருவோம்: வோல்ட் இல்லை என்றால் சப்ளை கெட்டுவிட்டதா?

வீட்டில் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பிரிப்பதற்கு முன் தோட்டத்துக் குழாய் திறந்து கிடக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா? எலக்ட்ரானிக்ஸில் மட்டும் ஏனோ நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறோம்.

சப்ளையிலிருந்து மின்சாரம் எடுக்கும் எதற்கும் லோடு என்று பெயர். லோடில் ஷார்ட் ஆனால் நல்ல சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வோல்டேஜைக் கீழே இறக்கிக்கொள்ளும். மீட்டரில் நமக்குத் தெரிவது 0.6 வோல்ட். செத்ததுபோலத் தெரியும் அந்தச் சப்ளை உண்மையில் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

பிரித்துப் பார்க்கும் வழி எளிது. பிளக்கைப் பிடுங்கி, தொட்டிகள் காலியானதை உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மற்றவை நூறு, ஆயிரம் என்று காட்ட, ஒன்று மட்டும் 1 ஓம் காட்டினால் அங்கேதான் விஷயம். (டிஜிட்டல் பகுதிக்குப் போகும் 5 வோல்ட் லைன் இயல்பாகவே குறைவாகக் காட்டலாம், பதறவேண்டாம்.) பிறகு கனெக்டரைக் கழற்றி லோடைத் துண்டியுங்கள். சப்ளை பக்கம் ஓம் ஏறிவிட்டதா? அப்படியானால் சப்ளையை விட்டுவிட்டு போர்டு பக்கம் போகலாம். ஏறவில்லை என்றால் தப்பு சப்ளை பக்கமே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி லேபிலிருந்து பழைய இரண்டு சேனல் ஸ்கோப் ஒன்று என் மேசைக்கு வந்தது. 12 வோல்ட் லைன் இல்லை. ரெகுலேட்டரின் பெரிய டிரான்சிஸ்டரை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். ஹீட்சிங்க்கில் புது பேஸ்ட் வழிந்துகொண்டிருந்தது. கனெக்டரைக் கழற்றியதும் 12 வோல்ட் கம்பீரமாக வந்து நின்றது. லோடு பக்கம் 1 ஓம். போர்டில் அந்த லைனில் மட்டும் பதினைந்துக்கு மேல் டான்டலம் கேபாசிட்டர்கள். மிளகு அளவில், சொட்டுப்போல் இருக்கும் வகை. அந்தக் காலத்து ஸ்கோப்களில் நிறைய இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் வறண்டு சாகும். டான்டலம் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகிச் சாகும். வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. எல்லாம் ஒரே லைனில் பக்கம் பக்கமாக இணைந்திருப்பதால் எதில் மீட்டரை வைத்தாலும் அதே 1 ஓம்தான். பதினைந்தையும் கழற்றுவதா?

வேண்டாம். தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? உடைந்த இடம்வரை தண்ணீர் ஓடும், அதற்குப் பின் ஓடாது. இங்கேயும் அதுதான். ஸ்கோப்பின் பிளக் பிடுங்கியே இருக்கட்டும். பெஞ்ச் சப்ளை (வோல்ட்டையும் கரண்ட்டையும் வேண்டியபடி வைக்கக்கூடிய மேசை சப்ளை) ஒன்றை 0.5 வோல்ட்டுக்கு, 1 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்து, கனெக்டரில் அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கொடுத்தேன். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் நல்ல ஐசிகளும் டிரான்சிஸ்டர்களும் விழிக்காது. கரண்ட் முழுக்க ஷார்ட்டைத் தேடித்தான் போகும். சுமார் 0.4 ஆம்பியர் ஓடியது. செப்புப் பாதைக்கும் கொஞ்சம் தடை உண்டு: சாதாரண போர்டில் 1 மில்லிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு. 0.4 ஆம்பியர் போனால் அதன் இரு முனைக்கும் இடையே 20 மில்லிவோல்ட் வித்தியாசம். மீட்டருக்கு அது தாராளம்.

கறுப்பு புரோப் கிரவுண்டில். சிவப்பு புரோப்பைப் பாதை நெடுக ஒவ்வொரு கேபாசிட்டரின் காலிலும் தொட்டுக்கொண்டே போனேன். 412 மில்லிவோல்ட். 405. 398. 391. அப்புறம் 391. 391. 391. எங்கே இறங்குவது நின்றதோ அங்கே கரண்ட் முடிந்துவிட்டது. முதல் 391 வந்த இடத்தில் இருந்த சொட்டில் விரலை வைத்தால் இளஞ்சூடாக இருந்தது. அதன் ஒரு காலை எடுத்துவிட்டேன், லைன் 180 ஓமுக்கு ஏறியது. இரண்டு டிரான்சிஸ்டரின் விலையில் இருபது டான்டலம் வாங்கியிருக்கலாம்.

இதுவரை சொன்னதில் வரிசை ஒன்றுதான் முக்கியம்: பிளக் இல்லாமல் ஓம் அளப்பது, லோடைப் பிரிப்பது, எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் மட்டும் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவது.

## "டிக்... டிக்... டிக்..."

டிஜிட்டல் ஸ்கோப்புக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. அங்கே இருப்பது எஸ்எம்பிஎஸ்: சுவர் மின்சாரத்தை முதலிலேயே 325 வோல்ட் டிசி ஆக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பும் சப்ளை. வெட்டும் வேகம் அதிகமானால் டிரான்ஸ்ஃபார்மரும் தொட்டிகளும் சின்னதாக இருந்தால் போதும். வெட்டுவதைக் கட்டுப்படுத்த ஒரு ஐசி உண்டு.

இதில் அடிக்கடி வரும் புகார்: ஆன் செய்தால் மெல்லிய டிக் டிக் சத்தம், விளக்கு மட்டும் மினுக் மினுக். சப்ளை எழுந்து, லோடில் ஏதோ தப்பு என்று பார்த்து, நின்று, மறுபடி முயல்கிறது என்பது பெரும்பாலான சமயம் இதன் பொருள். லோடைக் கழற்றிப் பாருங்கள். ஆனால் முழுக்க லோடு இல்லாமல் ஓட மறுக்கும் சப்ளைகளும் உண்டு. அதனால் 5 வோல்ட் லைனில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போலி லோடாகக் கட்டுவது நல்லது. சீரிஸ் பல்பும் இங்கே குழப்பும்: வோல்டேஜ் குறைந்தால் எஸ்எம்பிஎஸ் அதிக கரண்ட் கேட்கும், பல்பு இன்னும் பிரகாசமாகும், சப்ளை எழவே எழாது. ஷார்ட் இல்லை என்று உறுதியான பிறகு பல்பை விலக்கித்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு வினோதம். "மூணு வருஷமா நல்லா ஓடுச்சு, நேத்து கரண்ட் போய் வந்ததுல இருந்து எழுந்திருக்கல." கரண்ட் வந்த வேகத்தில் எரிந்துவிட்டது என்று நினைப்போம். பல நேரம் அப்படியில்லை. பைக்கில் பேட்டரி வீக்காக இருந்தாலும் வண்டி ஓடும்வரை ஓடும். நிறுத்திவிட்டு செல்ஃப் போட்டால்தான் தெரியும். இங்கேயும் அதே கதை. கட்டுப்பாட்டு ஐசிக்குப் பக்கத்தில் 22, 47 மைக்ரோஃபாரட் என்று ஒரு குட்டிக் கேபாசிட்டர் இருக்கும். 325 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக அது சொட்டுச் சொட்டாக நிரம்பும். பரவலாகப் புழங்கும் யுசி3842 ஐசி என்றால் 16 வோல்ட் வந்ததும் விழிக்கும், 10க்குக் கீழே போனால் தூங்கிவிடும். விழித்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கம்பிச் சுருள் அதற்குச் சாப்பாடு போடத் தொடங்கும்வரை அந்தக் குட்டிக் கேபாசிட்டர்தான் தாங்கவேண்டும். அது வறண்டிருந்தால் 16லிருந்து நொடியில் 10க்குக் கீழே விழும், ஐசி தூங்கும், மறுபடி சொட்டு. ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்த வறட்சி வெளியே தெரியவே தெரியாது. சில ரூபாய்ப் பொருள், முழு ஸ்கோப்பும் படுத்துவிட்டது.

இந்தப் பகுதியை அளக்கும்போது ஒரு கண்டிப்பு. 325 வோல்ட் பக்கத்தின் மைனஸ், எர்த் அல்ல. வேறொரு ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் மாட்டினால், அந்தக் கிளிப் சுவர் எர்த்தோடு சேர்ந்தது என்பதால், நேராக வெடிதான். "எர்த் பின்னை வெட்டிட்டா சரியாப்போச்சு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுக்க உயிரோடு நிற்கும். ரிப்பேருக்கு வந்த பொருளுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (சுவரோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தருவது) கொடுங்கள், அல்லது அங்கே கையில் பிடிக்கும் மல்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## மாற்றும்போது

கேபாசிட்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. முப்பது கேபாசிட்டரை மாற்றினால் அறுபது சால்டர் புள்ளி. ஒன்றைத் திருப்பிப் போட்டால், ஒரு செப்புப் பாதை உரிந்து வந்தால், பழைய கோளாறோடு நீங்களே செய்த புதுக் கோளாறும் சேர்ந்துவிடும். கண்டுபிடித்து, மாற்றி, ஸ்கோப் எழுந்த பிறகு வயதானவற்றை இரண்டிரண்டாக மாற்றுங்கள்.

கடையில் வெறுமனே "1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்" என்று கேட்காமல் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்றும் சேர்த்துக் கேளுங்கள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எலக்ட்ரோலிட்டிக்குக்கான தோராயக் கணக்கு: 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். 85 டிகிரி வகையைப் போட்டால் இந்தக் கணக்கில் நாலில் ஒரு பங்குதான். சென்னை ரிச்சி தெருவில் இரண்டுமே ஒரே தட்டில் கிடக்கும், அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். வோல்ட் அளவு பழையதுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது.

எல்லாம் முடிந்து லைன்களை அளக்கும்போது கடைசியாக ஒரு சபலம் வரும். ரெஃபரன்ஸ் 55.0 வரவேண்டும், 54.8 வருகிறது. பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகு. மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த ஸ்கோப்பின் வோல்ட் அளவு, நேர அளவு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் அந்த 54.8ஐ வைத்துத்தான் சரிபார்த்து வைத்திருப்பார். திருகை அசைத்தால் அத்தனையும் சேர்ந்து அசையும். ஒவ்வொரு லைனின் டிசி, ஏசி, ஓம் மூன்றையும் தேதி போட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டி மூடுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.